இலை ஆடவில்லை, மச்சான்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே என் வலது காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, முதலில் ஒரு விண்ணப்பம்: இந்தக் கடிதத்தையும் போன கடிதத்தைப் போலத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். பாராட்டுச் சொல்ல நேரில் வருவதாக இருந்தீர்களே, அந்தப் பயணத்தையும் இப்போதைக்கு ரத்து செய்யவும்.

என் மகள், அதாவது உங்கள் செல்ல மருமகள், ஆறு வருஷமாக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியது உண்மைதான். எனக்கே தெரியாது, அதனால்தான். இப்போது தெரியும், சொல்கிறேன். இலையின் மேல் வெயில் பட்டால், ஒளியை முதலில் பிடிக்கிற பச்சை மூலக்கூறு அதைத் தானே வைத்துக்கொள்ளாமல் பக்கத்து மூலக்கூறுக்குத் தள்ளிவிடுமாம், அது அடுத்ததற்கு, இப்படிக் கைமாறிக் கைமாறி உணவு தயாரிக்கிற இடத்துக்குப் போய்ச் சேருமாம். எங்கள் ஆலையில் கோப்பு நகர்ந்த கதைதான், ஆனால் இது போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு நொடியை லட்சம் கோடியாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு தீர்வதற்குள் ஒரு கைமாற்றம் முடிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் ஆறு வருஷம். கீரையை வாங்கி அரைத்து, பச்சையை மட்டும் பிரித்து, சின்னக் குப்பியில் ஊற்றி, லேசர் ஒளியால் ஒரு தட்டுத் தட்டி எழுப்புவார்கள். பின்னாலேயே இன்னொரு ஒளி போய், வேலை எதுவரை ஆயிற்று என்று விசாரிக்கும். அது எவ்வளவு தாமதமாகப் போக வேண்டும் என்பதற்கு ஒரு கண்ணாடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடி காத்திருந்து கணினி ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகளைச் சேர்த்தால் வரைபடம்.

மதியம் அவள் சாப்பிடுவதே இல்லை என்று உங்கள் தங்கை புலம்பியதால், சாப்பாட்டு டப்பாவோடு நான் தினமும் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். இருட்டறை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். காற்றின் மேல் மிதக்கவிட்ட பெரிய இரும்பு மேஜை, அதன் ஓரமாக எனக்கு ஒரு முக்காலி. உட்கார்ந்தேன், முழங்கால் மேஜையில் பட்டது, வழக்கம்போல் வலது கால் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து நீங்கள் திட்டிவரும் அதே கால்தான். நீங்கள் திட்டத் திட்ட வேகம் பிடிக்குமே, அதுதான். ஆலையின் நேரக் கணக்கு அறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த கால் அல்லவா, ஒரு நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு, பிசகாது. அந்த வாரம்தான் வரைபடம் அலை அலையாக ஏறி இறங்கியது. அவளுடைய பேராசிரியர் குதித்தே விட்டார். "இலைக்குள்ள நடனம் நடக்குது சார்! ஒளி வழி தேடுறதே இப்படித்தான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலையைப் பற்றி அவளை ஒரு கட்டுரை எழுத வைத்து ஆய்விதழுக்கும் அனுப்பிவிட்டார், பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார், நான் உங்களுக்கு எழுதிவிட்டேன், நீங்கள் தெருவுக்கே சொல்லிவிட்டீர்கள்.

இவள் முகம் மட்டும் தெளியவில்லை. ஒரு நாள் பச்சையைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றி அளந்தாள். அலை வந்தது. பேராசிரியர் அசரவில்லை. "தண்ணியும் ஆடுதுன்னா இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பும்மா!" தண்ணீரையும் கொட்டிவிட்டு வெறும் குப்பியை வைத்தாள். அப்போதும் வந்தது. "நீ ஏன் இவ்வளவு சோதிக்கிற?" என்று கோபித்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். அவள் மெல்லத் திரும்பி, கைவிளக்கின் வெளிச்சத்தை என் முழங்கால் மேல் அடித்தாள்.

"அப்பா, காலைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினேன். அலை படுத்துவிட்டது.

"இப்ப ஆட்டுங்க."

எழுந்துவிட்டது. என் கால் ஆடும் நிமிஷம் மேஜை அதிர்ந்து புள்ளி ஏறும், ஓயும் நிமிஷம் இறங்கும், நடனம் அவ்வளவுதான்.

மச்சான், அந்த அவமானத்தை என்னவென்று எழுதுவேன்! அந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்குப் பட்டம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு யோசனைகூடச் சொன்னேன். "யாருக்கும்மா தெரியப்போகுது? பட்டம் வர்ற வரைக்கும் நான் தினம் வந்து உக்காந்துட்டுப் போறேனே." அவள் திட்டவில்லை. டப்பாவை மூடி என் கையில் கொடுத்து, "நான் இலையைத்தானேப்பா கேட்டேன்? அது சொல்லாததை எப்படி எழுதுறது?" என்றாள். அன்று மாலையே, நான் காலை ஆட்டியபோது ஒரு வரைபடம், நிறுத்தியபோது ஒரு வரைபடம் என்று சேர்த்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாள். பட்டம் போச்சு, இன்னும் எத்தனை வருஷமோ. ஆனாலும் அவளைப் பெற்றதற்கு அன்றைக்குப் பட்ட பெருமையை நான் என்றைக்கும் பட்டதில்லை. இனி அந்தப் பக்கமே போவதில்லை. வலது காலைத் துண்டால் நாற்காலியோடு கட்டி வைத்திருக்கிறேன், ஆடாமல் எட்டு நாள் ஆகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. தெருவில் யாராவது கேட்டால், இலை ஆடவில்லை என்று சொல்லிவிடவும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
காலடக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பேராசிரியர் இப்போதுதான் வீட்டுக்கே வந்தார். ஆய்விதழ் ஆசிரியர் பதில் போட்டிருக்கிறாராம்: ஊருக்கு ஊர் இப்படி அலை பார்த்துக் குதிக்கிறார்கள், பொய் அலையைப் பிடிப்பது எப்படி என்று இந்தப் பெண்ணே முழுக் கட்டுரை எழுதட்டும் என்று. பட்டத்துக்கு அதுவே போதுமாம். "நான் முதல்லயே சந்தேகப்பட்டேன் சார்" என்கிறார் பேராசிரியர். ஆகவே மேலே உள்ளது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நாளை தொடங்கி நாற்பது முறை அளக்க என் கால் தேவை. ஒரே சிக்கல், துண்டை அவிழ்த்தாயிற்று, மகள் கேட்டாள், பேராசிரியர் கெஞ்சினார், கால் அசைய மாட்டேன் என்கிறது. எதிரில் நீங்கள் உட்கார்ந்து வழக்கம்போல் திட்டினால்தான் ஆடும். உங்கள் மருமகள் பட்டம் உங்கள் வாயில் இருக்கிறது, முதல் வண்டியைப் பிடித்து வரவும்.