அப்பாவைக் கொன்ற ஆறு வாக்கியங்கள்

பதினெட்டு வயதில் நான் என் அப்பாவைக் கொன்றேன். ஆயுதம், ஒரு நீலப் பேனா.

தூத்துக்குடியில் கல்லூரி கிடைத்திருந்தது. வகுப்புகள் தொடங்கும் முன், தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் ஆங்கிலம் எழுதப் பழக்கினார்கள். தருவைகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். முதலில் நடத்தியது இறந்தகாலம். (பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.)

அப்பாவைப் பற்றி ஆறு வாக்கியம் எழுதச் சொன்னார் ஜெசிந்தா மிஸ். கற்றது வீணாகக் கூடாதே என்று எல்லாவற்றையும் இறந்தகாலத்திலேயே எழுதிக் கொடுத்தேன். ‘மை ஃபாதர் வாஸ் எ ஃபிஷர்மேன். ஹீ வாஸ் டால். ஹீ ஹேட் எ பிக் மீசை. ஹீ லைக்டு டீ. காட் லவ்டு ஹிம். வீ மிஸ்டு ஹிம்.’

வெள்ளிக்கிழமை மிஸ் நோட்டைத் திருப்பித் தந்து என் தலையில் கை வைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வகுப்பே எழுந்து நின்றது. என் கட்டுரைதான் முதலிடம் போலும் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “தேங்க் யூ மிஸ்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்திலிருந்த மில்லர்புரத்து ஷீபா காதில் கேட்டாள்: “உங்க அப்பா எப்போ இறந்தாங்க?”

மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்ல ஆங்கிலம் வேண்டும் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். “ஏளா, முந்தாநாளு கடலுக்குக் கூடப் போன வள்ளமெல்லாம் வந்துட்டு. அப்பாவ மட்டும் காணல. போனும் போகல.”

கரைக்கு ஓடினேன். கடல் அசைவே இல்லாமல் கிடந்தது. வரிசையாக நின்ற வள்ளங்களுக்கு நடுவே, எங்கள் வள்ளம் நிற்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: “நேத்து வரைக்கும் கடல்ல கண்ணுக்குத் தெரிஞ்சுட்டுதான் இருந்தாரு. நல்ல மனுசன், நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு.”

இருந்தாரு! நான் எழுதிக் கொடுத்த காலம், நோட்டைவிட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. கோயிலடியில் இரண்டு பெண்கள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களும் இறந்தகாலத்தில்தான் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து எல்லா ‘வாஸ்’ஸையும் அடித்து ‘இஸ்’ போட்டேன். ‘மை ஃபாதர் இஸ். இஸ். இஸ்.’ ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். அம்மாவிடம் சொல்லவும் பயம். சொன்னால் அது நடந்தேவிடும் என்று தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா வந்துசேர்ந்தார். நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோய், வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்திருக்கிறது. நான் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, “ஏளா, மீன் நாத்தம், தள்ளிப் போ” என்று குளிக்கப் போனார்.

குளித்து, முகம் கழுத்தெல்லாம் பவுடரை அப்பி, வெள்ளை வேட்டி கட்டி அவர் வெளியே வரவும் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது. அப்பாதான் திறந்தார்.

வாசலில் ஜெசிந்தா மிஸ், ஷீபா, இன்னும் மூன்று பேர். மிஸ் கையில் வெள்ளை ரோஜா மாலை.

வெளிறிய முகம், உயரம், பெரிய மீசை. என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மிஸ்ஸுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “இயேசுவே!” என்று நெஞ்சில் சிலுவை போட்டார். ஷீபா அதற்குள் தெருமுனையில் இருந்தாள்.

“வாங்க டீச்சர். புள்ள காலேசு போனதுக்கு எனக்கு எதுக்கு மாலையெல்லாம்?” என்று வெட்கப்பட்ட அப்பா, மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

‘வாஸ்’, ‘இஸ்’ நோட்டைக் காட்டி நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா மாலையைப் பிடுங்கி எறிந்த வேகத்தில் இதழ்கள் கூரை வரை பறந்தன. மிஸ்ஸுக்கு டீ ஆற்றிக் கொடுத்தவர் அப்பா. குடிக்கும்வரை மிஸ் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் துறைமுகப் பக்கம் ஒரு அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறேன். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். திரும்பி வரும்போது, சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டு ஒரே ஒரு சொல் சொல்வார்: “இஸ்.”

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத அம்மா, அதைக் கேட்ட பிறகுதான் உலை வைப்பாள்.