டிரைவர் இல்லாத கப்பல்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயம் உங்கள் செல்ல மருமகளை, அதாவது என் மகளைப் பற்றியது. துருவக் கடலில் பனியை ஆராயப் போகிறேன் என்று அவள் கப்பலேறியது உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் உலக உருண்டை வாங்கிக் கொடுத்து இந்த ஆசையைக் கிளப்பிவிட்டதே நீங்கள்தான், ஆகவே முழுக்கதையையும் கேட்டே ஆக வேண்டும். கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்து, "அப்பா, இந்த வெள்ளைக் கடல்ல ஒரு சிவப்புப் புள்ளி வரும். தினம் பாருங்க, என் வேலை எங்க நடக்குதுன்னு தெரியும்" என்றாள். புள்ளி வந்தது. நானும் காலையில் பல் தேய்த்த கையோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக வாழ்க்கையைக் கழித்தவன் நான். வண்டி போகிற போக்கை வைத்தே டிரைவரின் லட்சணத்தைச் சொல்லிவிடுவேன். இந்தக் கப்பலின் டிரைவர் சரியில்லை மச்சான். நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போகிறான், திடீரென்று வந்த வழியே திரும்புகிறான், ஒருநாள் முழுக்க எதையோ தொலைத்தவன் மாதிரி வட்டம் வட்டமாகச் சுற்றுகிறான். "காத்து அடிக்கிற பக்கம் போகுதோ என்னமோ" என்றாள் உங்கள் தங்கை. "கப்பல் என்ன, கொடியில காயப்போட்ட துணியா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பொறுக்க முடியாமல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டு, "அந்தச் சிவப்புப் புள்ளியோட டிரைவரை உடனே மாத்துங்க" என்றேன். எடுத்த பெண் பொறுமையாக, "சார், அதுக்கு டிரைவரே கிடையாது. அது பாட்டுக்குப் போகும்" என்றாள். டிரைவரே இல்லாத கப்பலில் என் மகள்! இதைச் சொல்லி மகளைப் பயமுறுத்துவானேன் என்று, அவள் போனில் பேசியபோதும் "சாப்டியாம்மா?" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து மத்தியானம் கண்ணை மூடினால் வீடே மிதக்கிறது. சுவர்கள் சத்தமில்லாமல் விலகுகின்றன, பீரோவும் சாப்பாட்டு மேஜையும் ஆளுக்கொரு பனிப்பாளத்தில் ஏறி மெல்ல நகர்கின்றன, உங்கள் தங்கை சமையலறையோடு தள்ளிப் போய்க்கொண்டே "உப்பு போட்டேனா?" என்று கேட்கிறாள், நான் விசிலை வாயில் வைத்தபடி ஊதத் தோன்றாமல் நிற்கிறேன். எங்கும் மங்காத வெளிச்சம். ரொம்ப தூரத்தில் மகள், ஸ்வெட்டருக்குள் சின்னதாக. கொஞ்சம்கூடப் பயமாக இல்லை மச்சான், எனக்கு அதுதான் பயம். விழித்துப் பார்த்தால் கட்டில் நிஜமாகவே நகர்ந்திருக்கிறது. பெருக்குவதற்காக இழுத்ததாக உங்கள் தங்கை சொல்கிறாள்.

நேற்றுக் காலை புள்ளி நின்றுவிட்டது. இன்றும் அசையவில்லை. நிலையத்தில் கேட்டால், "கப்பல் நல்லா இருக்கு சார்" என்கிறார்கள். வழியில் நின்றுபோன வண்டியை நல்லா இருக்கு என்று நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அடுத்த வருஷமும் போவதாக அவள் திட்டம் போட்டிருக்கிறாள். என் பேச்சு எடுபடாது. தாய்மாமன் நீங்கள் ஒரு வார்த்தை "போகாதே" என்றால் கேட்பாள். சொல்லிவிடுங்கள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எல்லோரும் கெட்டியான தரையில் நின்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். கப்பலும் அவளும் சௌக்கியம். அந்தப் புள்ளி கப்பலே இல்லையாம். பனிப்பாளத்தில் அவள் நட்டுவிட்டு வந்த கருவியாம். பனி போகிற பக்கம் தானும் போய், அது எத்தனை தடிமன் என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். "அப்புறம் ஏன்மா நின்னுடுச்சு?" என்றேன். "பனி உருகிடுச்சுப்பா. கருவி தண்ணிக்குள்ள போயிடுச்சு. வழக்கமா இன்னும் ஒரு மாசம் இருக்கும், முன்னாடியே போயிடுச்சு" என்றாள். "ஒரு மாசம்ப்பா" என்று இன்னொரு தரமும் சொன்னாள். தாமதமாக வந்த வண்டிகளை நான் எத்தனையோ மன்னித்திருக்கிறேன். நேரத்துக்கு முன்னால் கிளம்பிய வண்டியை மன்னித்ததே இல்லை. சரியான நேரத்துக்கு வந்தவன் பையோடு நடுத்தெருவில் நிற்பான். "அங்க யாரும்மா நேரத்துக்கு வர்றது?" என்று கேட்டேன். "கடல்நாய்ங்கப்பா. அந்தப் பனி மேல குட்டி போட வரும்."

அதனால் மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்லாதீர்கள். அடுத்த வருஷமும் போகட்டும். வண்டி முன்னாலேயே கிளம்பிவிட்டது என்று எழுதிவைக்க அங்கே ஒரு ஆள் வேண்டும், மச்சான்.