புளியங்கொட்டை நிறப் புடவை

ஜமுனாமரத்தூர்,
சித்திரை இருபது.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் விஜயராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை தேவயானியின் வீட்டுக்காரன் கோபால்சாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் அருணா, மகன் இளவரசன், இரண்டு மாடுகள், ஒரு ஜீப் எல்லாரும் சுகம். ஜீப் மட்டும் ஏற்றத்தில் கொஞ்சம் இருமுகிறது. அங்கே புதூர்நாட்டில் நீங்களும் அக்காவும் பலா மரங்களும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்பது வருடம் கழித்து இவன் ஏன் கடிதம் போடுகிறான் என்று நினைப்பீர்கள். போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் செய்தி போட்டால் ஒரே ஒரு டிக் விழுந்து அப்படியே நிற்கிறது. டவர் இல்லை போலிருக்கிறது என்றேன். "டவர் எல்லாம் இருக்குது, எங்க அண்ணன் உன்ன பிளாக் பண்ணிட்டாரு" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். தபால்காரரை பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அருணாவுக்குக் கல்யாணம், வைகாசி பன்னிரண்டு. மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் உங்கள் மருமகள் ஒரே பிடியாக நிற்கிறாள். "மாமா வந்து கையப் புடிச்சி இட்டுக்கினு போனாத்தான் மேடை ஏறுவேன். இல்லன்னா நீயே மாலையப் போட்டுக்கினு ஒக்காரு" என்று பெற்ற அப்பனிடம் சொல்கிறாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வராவிட்டால் நான்தான் மாலையோடு உட்கார வேண்டியிருக்கும்.

அருணாவின் மஞ்சள் நீராட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. தாய்மாமன் சீராக நல்ல சிவப்புப் புடவை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நீங்கள் தட்டில் வைத்துக் கொண்டுவந்ததோ சுத்தமான புளியங்கொட்டை நிறம். சுபகாரியத்தில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்தால் பெற்றவனுக்கு வயிறு எரியாதா? "இன்னா மச்சான், சாவு வூட்டுக்கு எடுத்ததையா இங்க கொண்டாந்தே?" என்று சபையில் கேட்டுவிட்டேன். நீங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே கொண்டுவந்த ஆட்டின் கறியைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். தேவயானி "அது செவப்புதான்யா" என்று அழுதாள். பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன். ஊரார் எல்லாரும் சிவப்பு என்றார்கள். அவர்கள் உங்கள் ஆட்டுக்கறியைச் சாப்பிட்டவர்கள், அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். புடவையை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. சொல்லப்போனால் நிறத்தில் என்னை ஏமாற்றாத ஆளே இல்லை. ஜீப்புக்கு பெயின்ட் அடித்தவன் ஏமாற்றினான். சந்தையில் தக்காளிக்காரம்மா வாராவாரம் காயைப் பழம் என்று என் பையில் தள்ளிவிடுகிறாள், உங்கள் தங்கை என்னைத் திருப்பி அனுப்புகிறாள். எல்லாம் என் ராசி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இளவரசன் படிக்கிற காலேஜில் மருத்துவ முகாம் போட்டார்கள். கலர் கலராகப் புள்ளி வைத்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்களாம். மற்ற பிள்ளைகள் பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று மளமளவென்று சொல்ல, நம் பையன் "புள்ளிதான் தெரியுது" என்றிருக்கிறான். சிவப்பும் பச்சையும் அவனுக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தொரு நாள் பொன்னாங்கண்ணிக் கீரை, காலையில் கேரட், ராத்திரி முருங்கை என்று போட்டுத் தாக்கினேன். பையனுக்கு வயிறுதான் கலங்கியது, கண் அப்படியேதான் இருந்தது. கடைசியில் எங்கள் நர்ஸம்மா நீலாவதியிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, "இது நோவு இல்லீங்க, பொறப்புலயே வர்றது. கீரையப் போட்டு புள்ளைய கொல்லாதீங்க" என்றார். பிறகு மேஜையில் மொச்சைக் கொட்டை வைத்து விளக்கினார். நம் உடம்பில் அணு அணுவாக செல் இருக்கிறதாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்த ஆள் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த குரோமோசோம் இருக்கிறதாம். அதில் எக்ஸ் என்று ஒன்று. சிவப்பு, பச்சை பார்க்கிற சமாசாரம் அதில்தான். பொம்பளைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று சொத்தையானாலும் மற்றது வேலை பார்த்துவிடும். ஆம்பளைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுப்பது. அப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய். அதில் கலர் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. "அப்டின்னா இதுல எனக்குப் பங்கே இல்லியா?" என்றேன். "இளவரசனுக்கு வந்ததுல இல்லீங்க. அது அவங்க அம்மா வழி. அவங்க அண்ணன் தம்பிக்கும் இருக்கலாம், இல்லாமயும் போகலாம்" என்றார்.

மச்சான், அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் சிவப்பு தெரியாது! சிவப்பு என்று நினைத்துத்தான் புளியங்கொட்டை நிறத்தை ஆசையாக எடுத்திருக்கிறீர்கள். இது தெரியாமல் ஒன்பது வருடம் உங்களைத் திட்டியிருக்கிறேனே என்று ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான். ஆகவே நான் உங்களை மனதார மன்னித்துவிட்டேன். குறையை வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு வாருங்கள். சீர்ப்புடவை எடுப்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். கண் நன்றாகத் தெரிகிற ஆள் ஒருவன் கூட இருப்பது நல்லது. நீலாவதியம்மா "நீங்களும் ஒரு தபா பாத்துக்கினு போங்க" என்றார்தான். எனக்கு எதற்கு? அந்த மலையில் மேய்கிற மாட்டைக் கொம்போடு சொல்வேன் என்று வந்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் தோட்டத்தில் காய்ப்பு பெருகட்டும், முழங்கால் வலி தீரட்டும், பெரிய மனதோடு உங்களை மன்னித்த இந்த மச்சானின் வாசலில் உங்கள் செருப்பு கிடக்கட்டும்.

இப்படிக்கு,
கோபால்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் போடப் போனவன், திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வழியில் நீலாவதியம்மா விடவில்லை. காலேஜில் காட்டியது மாதிரியே ஒரு புள்ளிப் புத்தகத்தை விரித்து, "இன்னா நம்பருங்க?" என்றார். "நம்பரா? தினைய கொட்னாப்பல இருக்குது" என்றேன். இரண்டாவது பக்கம், அதுவும் தினை. மூன்றாவதும் தினை. இளவரசன் ஓரமாய் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு வந்தது தேவயானி வழி, எனக்கு வந்தது என் அம்மா வழி என்று அந்த அம்மா பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். இப்படியும் ஒரே வீட்டில் இரண்டு சேர்வது உண்டாம். உங்களுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து நானே சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். உங்கள் தங்கை புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து ஏழு பேரிடம் கேட்டாள். அதில் இரண்டு பேர் மலை ஏறிவந்த வெளியூர்க்காரர்கள், உங்கள் ஆட்டுக்கறியைச் சாப்பிடாதவர்கள். ஏழு பேரும் நல்ல அரக்குச் சிவப்பு என்றார்கள்.

மச்சான், மேலே மன்னித்தேன் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். தப்பு என்னுடையது. என் ஓட்டைக் கண்ணை வைத்துக்கொண்டு உங்களைச் சபையில் அவமானப்படுத்திவிட்டேன். நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும். தக்காளிக்காரம்மாவிடம் நாளைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. அருணாவுக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். ஒரு நம்பர் விடாமல் சொன்னாள். என் சொத்தை எக்ஸ் ஒன்று அவளிடமும் இருக்கத்தான் செய்கிறதாம். அவள் அம்மா கொடுத்த நல்லதுதான் வேலை பார்க்கிறதாம். ஆக, என் மகள் உலகத்தைக் கலராகப் பார்ப்பது உங்கள் வீட்டுச் சீரால்தான். முகூர்த்தத்துக்கு அந்தப் புடவையைத்தான் கட்டுவேன் என்று மடித்து வைத்திருக்கிறாள். எனக்கு அது இன்றைக்கும் புளியங்கொட்டை நிறமாகத்தான் தெரிகிறது. நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்று சிவப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். நம்பிவிடுகிறேன்.