தேய்மானம் சார் கட்டிய கார்

"கீழ் வீட்டார் கவனத்துக்கு. மாடி போர்ஷனில் நாளை முதல் நான்கு சக்கர வாகனம் ஒன்று கட்டப்பட இருப்பதால், மறு அறிவிப்பு வரும்வரை கதவை ஓங்கிச் சாத்துவதோ, படியில் தடதடவென்று ஏறுவதோ, மிளகாய் வறுப்பதோ கூடாது. தும்மினால் உதிரி பாகங்கள் பறக்கும்."

இந்த நோட்டீஸ், ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிச் சுவரில், நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்னால் ஒட்டப்பட்டது. இந்த மாதிரிக் காகிதங்களைச் சேர்த்து வைப்பது என் வழக்கம். இதையும் பிறகு பதமாக உரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். அடியில் தேதி, கையெழுத்து, ஆபீஸ் சீல் மூன்றும் இருக்கின்றன. ரிடையர் ஆனவர் சீல் குத்தக்கூடாது என்பதால், குத்திய சீலின்மேல் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கிறார்.

ஒட்டியவர் மாடியில் குடியிருக்கும் தேய்மானம் சார். புதுச்சேரியில் ஓடுகிற எந்த வண்டியும் அவர் கண்ணுக்கு வண்டியாகத் தெரிந்ததில்லை. இன்னும் நடக்காத விபத்தாகத்தான் தெரிந்தது.

அவர் தொழில் அப்படி. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸில் எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்கிற சர்வேயர். எவ்வளவு கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறவர் என்பதே சரி. அவரிடம் வந்த கிளெயிம் ஒன்றுகூட முழுசாகத் திரும்பிப் போனதில்லை. "இது புது அடி. இது பழைய அடி. இது தேய்மானம்" என்று மூன்றே வாக்கியங்களில் மனிதர்களை அழவைப்பார். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்து ஷெட்டுகளில் அவர் ஸ்கேலை எடுத்தால் மெக்கானிக்குகள் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று கேள்வி.

ரிடையர் ஆன பிறகும் கண் ஓயவில்லை. ஒரு கல்யாண மண்டப வாசலில், மாப்பிள்ளை காரின் பூச்சரத்தை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, சம்பந்தியிடம் போய், "இடது கதவு மாத்துன கதவு. விசாரிச்சீங்களா?" என்று கேட்டவர் அவர். விழுப்புரம் ரோட்டில் ஒருவர் பைக்கோடு சாய்ந்தபோது கூட்டம் அவரைத் தூக்க ஓடியது. இவரும் ஓடினார். "ஆளத் தூக்கிடுங்க, தாராளமா தூக்குங்க. வண்டியத் தொடாதீங்க!" முட்டிவலிக்குப் போன இடத்தில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "தேய்மானம்தான்" என்றாராம். இவர் எழுந்தேவிட்டார். "அத நான் சொல்லணும் டாக்டர்."

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். "கல்யாணம் ஆன நாளா என் சாம்பாருக்கு முழு மார்க் போட்டதில்ல இவரு. பருப்பு புதுசு, புளி பழசும்பாரு" என்பார் அக்கா.

தேய்மானம் சாரின் தீர்ப்பில் இன்னும் ஆறாமல் இருந்தவர் ஒருத்தர் எங்கள் கீழ் போர்ஷனிலேயே இருந்தார். பிரான்சுக்குப் போகிற பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் பிரெஞ்சு டீச்சர். எல்லோருக்கும் மதாம். அவருடைய ஸ்கூட்டரை முன்னொரு காலத்தில் ஒரு மினி லாரி உரசி மட்கார்டு விரிசல் விட்டபோது, சர்வேக்கு வந்தவர் இவர். "பழைய அடி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். புது அடிதான் என்று மதாம் இன்றுவரை சாதிக்கிறார். வருஷங்கள் கழித்து வீடு பார்க்க வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மாடியிலிருந்து அதே ஸ்கேலோடு அதே ஆள் இறங்கி வருகிறார். மதாம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து மதாம் அவரிடம் நேராகப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் யாரையாவது நிறுத்தி, அவர் வழியாகச் சொல்வார். பெரும்பாலும் அந்த நடு ஆள் நான்.

இப்படிப்பட்ட தேய்மானம் சார் வாங்கியிருந்தது பெரிய பெட்டியில் வரும் பொம்மைக் கார். பல்லும் பின்னும் துளையுமாக ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றாகக் கோத்தால் எலுமிச்சைப் பச்சையில் ஒரு சூப்பர் கார் வரும். உள்ளே கியர் பாக்ஸ் நிஜமாக மாறும், உருட்டினால் என்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும், கதவு இறக்கை மாதிரி மேலே திறக்கும். வளர்ந்தவர்களுக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"பேரப்புள்ளைக்கு வாங்கி இருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு சார்." கொஞ்ச நேரம் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். "என் சர்வீஸ் முழுக்க நான் பாத்த வண்டி எல்லாம் உடைஞ்ச வண்டி. ஒண்ணாவது முழுசா ஆகுறதப் பாக்கணும். ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாரும் வண்டிக்குப் பொட்டு வெக்கிறீங்க. நான் மட்டும் வருஷா வருஷம் ஸ்கேலுக்கு வெக்கிறேன்."

உண்மைதான். ஊர் வண்டிகளையெல்லாம் அளந்தவருக்குச் சொந்த வண்டி கிடையாது. என்ன ஆகும் என்று தெரிந்தவர், வாங்கவில்லை. இந்த ஆயுத பூஜைக்குள் கட்டி முடித்து, போர்ட்டிகோ வரிசையில் அடிபடாத வண்டி ஒன்றைத் தன் பெயரில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

வேலை ஆரம்பித்தது. பின்களை நிறம் வாரியாகப் பிரிக்க அக்காவின் இட்லித் தட்டுகளைக் கைப்பற்றினார். குழிக்கு ஒரு நிறம். மாடியில் இட்லி நின்று தோசை மட்டும் நடந்தது. கோக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் காட்டிப் பழைய அடி இருக்கிறதா என்று பார்த்தார். கம்பெனிக்காரன் புதுசாகத்தானே கொடுப்பான் என்றேன். "எல்லா கம்பெனியும் அப்டித்தான் சார் சொல்லும்."

கட்டி முடித்த அன்று பெரிய சிக்கல். கார் முழுசாக நிற்கிறது, தட்டில் சில துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. அவருக்கு வேர்த்துவிட்டது. மிச்சம் இருந்தால் உள்ளே எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பானெட்டைக் கழற்றினார், சீட்டைக் கழற்றினார், கியர் பாக்ஸ்வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் அதே துண்டுகள் மிச்சம். மூன்றாம் தடவை கழற்றப் போகும்போது கீழேயிருந்து மதாம் என்னைக் கூப்பிட்டார்.

"சட்டை வாங்கினா உள்ள ரெண்டு பொத்தான் எக்ஸ்ட்ரா தெச்சு குடுக்கறான்ல? அதுதான் இது. முசியேகிட்ட போய்ச் சொல்லுங்க."

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; மதாமுக்குத் தேய்மானம் சார். போய்ச் சொன்னேன். மிச்சத் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எக்ஸ்ட்ராவா? சும்மாவா? எங்க லைன்ல அப்டி ஒரு வழக்கமே இல்லியே சார்."

பிறகு, தானே கட்டிய காரைத் தானே சர்வே செய்தார். விட்டுக்கொடுக்கவில்லை. ஹாரன் இல்லை, ஸ்டெப்னி இல்லை என்று குறித்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மனசே இல்லாமல் கொஞ்சம் திரும்பியது. "பீச்ல யூ-டர்ன் அடிக்க ஆரம்பிச்சா நம்ம வீட்டு வாசல்ல வந்துதான் முடியும்" என்றார். மூன்றாவது கியர் லேசாகத் தயங்குகிறது என்றார். மேலே திறக்கும் கதவு போர்ட்டிகோ சீலிங்கில் இடிக்கும் என்றார். கார் ஒரு சாண் உயரம்.

"எல்லாம் போகட்டும், மதிப்பு என்னா?" என்றார் அக்கா.

"ரப்பர், நைலான், பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம். அதுதான் ரூல். இதுல வண்டியே பிளாஸ்டிக். பெட்டியத் தொறந்ததுமே பாதி போச்சு."

"அப்ப மீதிப் பாதியத் திருப்பிக் குடுத்துட்டு என் இட்லித் தட்டக் குடுங்க."

ஆயுத பூஜை காலையில் போர்ட்டிகோவில் வரிசை. என் பைக், தண்ணீர் மோட்டார், மதாமின் ஸ்கூட்டர், கடைசியில் சூப்பர் கார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். காரின் சக்கரத்தைவிட எலுமிச்சை பெரிதாக இருந்ததால் அக்கா நாலு சுண்டைக்காய் வைத்தார். தேய்மானம் சார் வெள்ளை வேட்டியில், சொந்த வண்டிக்காரராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு கணக்கும் ஓடவில்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

என் பைக் ஏறி நசுக்கியது. அடுத்து மதாம். ஸ்டார்ட் செய்தார். பழம் நசுங்காமல் வழுக்கியது. ஸ்கூட்டர் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளிப்போய் சூப்பர் காரின்மேல் சாய்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு டப்பா சோழியைத் தரையில் கொட்டினால் வருமே, அந்தச் சத்தம். பச்சைத் துண்டுகள் கேட் வரைக்கும் ஓடின.

மதாமுக்குக் கோபமோ பதற்றமோ வந்தால் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணுவார். பத்துக்குள் அடங்கிவிடும். அன்று இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

தேய்மானம் சார்தான் முதலில் அசைந்தார். "யாரும் தொடாதீங்க." கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தார். ஸ்கூட்டர் கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு, கார் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு கோடு, பழத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

"ஏங்க, கற்பூரம் அணையப் போவுது."

"ஸ்பாட் சர்வே முடியட்டும்."

மதாம் ஸ்கூட்டரை நிமிர்த்தி நிறுத்திவிட்டு நேராக அவர் முன்னால் வந்தார். குடிவந்த நாளிலிருந்து அவரிடம் பேசிய முதல் பேச்சு இது. "நான்தான் இடிச்சேன். பிரேக் புடிக்காம ஆக்சிலேட்டர முறுக்கிட்டேன். எழுதிக்குங்க முசியே. முழுசா எழுதிக்குங்க."

"இருங்க. நின்னுக்கிட்டு இருந்த வண்டி எது?"

"உங்க கார்."

"பார்க்கிங் லைட்டு எரிஞ்சுதா?"

"அதுக்கு லைட்டே கிடையாதே!"

"ஓடுற வண்டிக்குப் பக்கத்துல, லைட்டு இல்லாம, ஒரு சாண் உயரத்துல ஒரு வண்டிய நிறுத்துனது யாரு?"

"நீங்க."

"அப்ப தப்பு யாரு மேல?"

"என் மேல!" என்று கத்தினார் மதாம். "எனக்குத் தெரியாதா? அன்னிக்கு இல்லாத தப்ப என் மேல போட்டீங்க. இன்னிக்கு இருக்கிற தப்பக் குடுக்க மாட்டேங்கிறீங்க. என்னா மனுஷன் நீங்க?"

"பார்ட்டி சொல்றத வெச்சு நான் ரிப்போர்ட் எழுதுறதில்ல மதாம்."

அக்கா குறுக்கே வந்தார். "தப்ப ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்குங்க. சுண்டல் ஆறுது."

தேய்மானம் சார் அதற்குள் ஸ்கூட்டரைச் சுற்றிக் குனிந்திருந்தார். பின்பக்கப் பேனலில் விரலை வைத்து நிறுத்தினார். அங்கே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

"இது எங்க காரு பட்டது. புது அடி" என்றார். "தேய்மானம் கிடையாது. முழுசா பாஸ்."

மதாம் இந்தத் தடவை எண்ணக்கூட இல்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் குனிந்தார்.

பிறகுதான் அவர் தன் வண்டிப் பக்கம் வந்தார். எல்லோருமாக முறத்தில் பொறுக்கிப் போட்டிருந்தோம். "டோட்டல் லாஸா சார்?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். முறத்தில் பாதியைப் பார்த்து முடித்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணும் உடையல சார். கழண்டிருக்கு, அவ்ளோதான். இப்டி ஒரு வண்டிய நான் பாத்ததில்ல. இவ்ளோ அடி பட்டும் அடியே இல்ல."

அன்று மாலை டியூஷன் முடிந்ததும் மதாம் மாடி ஏறினார். அடுத்த நாளும் ஏறினார். "முசியே, இது நாலு ஓட்ட. அஞ்சு ஓட்டை உள்ளதுதான் வேணும்" என்று குரல் கேட்கும். "நீங்க புஸ்தகத்த மட்டும் பாருங்க மதாம், கையில எடுக்காதீங்க" என்று பதில் வரும். தீபாவளிக்கு முன்னால் கார் மறுபடி நின்றது. மூன்றாவது கியர் இப்போது தயங்கவில்லை. ஒரு பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருந்தாராம், மதாம் கண்டுபிடித்தார். சுண்டைக்காயின்மேலும் ஏறியது. நசுங்கவில்லை என்று அக்கா மேலிருந்து கட்டை விரலால் காரை அமுக்கிவிட்டார். காரைக் கட்டி முடித்த இரண்டு பேருக்கும் இப்போது பேச்சு உண்டு. அதாவது, சண்டை நேராக நடக்கிறது. எனக்கு வேலை இல்லை.

ஸ்கூட்டரைத் தேய்மானம் சாரே மேட்டுப்பாளையத்து ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேனலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உரசினால் இரும்பில் அவ்வளவு ஆழமாகக் கீறல் விழுமா என்று பிறகொரு நாள் அந்த ஷெட்டில் விசாரித்தேன். சிரித்தார்களே தவிர பதில் சொல்லவில்லை. மதாமைக் கேட்டேன். கவனித்ததில்லை என்றார். தேய்மானம் சாரைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆகவே அந்தக் கீறல் புதிதா, முன்பே இருந்ததா என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை. அதற்கு முந்தின வருஷத்து ஆயுத பூஜையில் அதே வரிசையை நான் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருக்கிறது. மதாமின் ஸ்கூட்டர் அதில் பின்பக்கம் காட்டித்தான் நிற்கிறது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். நான் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.