தோட்டத்தை மெலிய வைத்த சர்வதேச இடுப்பு

சபரகமுவ மாகாணத்தில் இடுப்பு வலிக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கொழுந்துக் கூடை சுமந்து வந்த வலி, ரப்பர் பால் வாளி தூக்கி வந்த வலி, மாணிக்கக் குழியில் குனிந்து வந்த வலி என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அவையெல்லாம் உள்ளூர் வலிகள். சர்வதேசத் தரம் வாய்ந்த இடுப்பு வலி ஒன்றே ஒன்றுதான். அது ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், விதுர்ஷன் என்ற இளைஞனிடம் இருந்தது. காலையில் அவன் எழுவதற்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்திருக்கும்.

விதுர்ஷன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரன். எட்டு நாடுகள் கலந்துகொண்ட போட்டியில் இலங்கைக்காக இரட்டைக் கம்பியில் சுழன்றவன். 'முதல் எட்டு இடங்களுக்குள் வந்து சாதனை' என்று பத்திரிகை எழுதியது. அதில் பொய் ஒன்றுமில்லை. கடைசிச் சுழற்சியில் அவன் மெத்தையை விட்டுவிட்டு நடுவரின் மேசையில் தரையிறங்கியதை மட்டும் எழுதவில்லை. அங்கே கவிழ்ந்த கோப்பையில் இருந்தது இலங்கைத் தேயிலை என்பதால், அதையும் ஏற்றுமதி மேம்பாடு என்றே கொள்ள வேண்டும்.

இடுப்பு போனதும் உடற்பயிற்சி ஆலோசகரானான். தான் அசைய முடியாதவர் பிறரை அசைக்கும் உன்னதமான தொழில் அது. முதலில் எஹலியகொடவில் மாணிக்க முதலாளிகளின் வயிறுகளைப் பொறுப்பேற்றான். வயிறுகள் ஒத்துழைக்கவில்லை. பிறகு பிறந்த தோட்டமே அவனை அழைத்தது.

தேயிலை வாங்கும் வெளிநாட்டார், 'கொழுந்து எடுப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா?' என்று கேட்டிருந்தார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்ற மகிழ்ச்சியில் கம்பனி 'ஆரோக்கியத் தளிர்' திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதத்தில் ஒவ்வொரு பெண்ணும் இரண்டு கிலோ மெலிய வேண்டும். மெலிந்தால் விதுர்ஷனுக்கு நிரந்தர வேலை. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உள்ள குவார்ட்டர்ஸ். பீலிக்கரையில் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் அம்மா இராஜத்தை அந்தக் குழாயடிக்குக் கொண்டுவருவதே அவன் மனதில் வைத்திருந்த பதக்கம்.

பயிற்சி, விடியற்காலைப் பெரட்டுக் களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிப்பதற்கு முன் நடந்தது.

"மேடம், உக்காந்து எந்திரிங்க."

"யாருடா மேடம்?" என்றாள் இராஜம்.

"வகுப்புல எல்லாரும் மேடம்தாம்மா."

"சரிங்க சார். ஆனா உக்காரச் சொல்லாதீங்க. ஒருக்கா உக்காந்துட்டோம்னா மலைக்கு ஆளு கெடைக்காது."

"காலையில ரொட்டிய பாதியா கொறைங்க."

"பாதிதானுங்க மாஸ்டர் திங்கிறேன்," என்றாள் அடுத்து நின்ற தனுஜா. "மத்தப் பாதி மத்தியானத்துக்கு."

உணவுக் கட்டுப்பாடு ஏற்கனவே அமுலில் இருப்பதை விதுர்ஷன் மனதாரப் பாராட்டினான்.

முதல் நிறுவையைக் கொழும்புத் தாதி மின்சாரத் தராசில் எடுத்திருந்தாள். இறுதி நாளன்று அந்தத் தராசு வரும் வழியில் மழையில் நனைந்து, ஏறியவர்களையெல்லாம் 'பூச்சியம்' என்றது. உண்மை அவ்வளவு அப்பட்டமாகத் தெரிவது கம்பனிக்கு உகந்ததல்ல. ஆகவே கொழுந்துத் தராசின் கொக்கியில் பலகை கட்டி, பெண்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார்கள்.

"கல்யாணத்துக்கே ஊஞ்சல் கெடைக்கல. இப்பவாவது ஆட்டுங்கடி!" என்றாள் இராஜம்.

கணக்கப்பிள்ளை பழனிமுத்து முள்ளைப் பார்த்து எண்ணைக் கூவினார். பெரிய கிளாக்கர் தருமலிங்கம் எழுதினார். முடிவு வந்தபோது தோட்டமே மெலிந்திருந்தது. ஆறு மாத வயிற்றோடு ஊஞ்சலில் இருந்து இறங்கிய தனுஜாகூட மெலிந்திருந்தாள்.

அங்கேதான் விதுர்ஷனுக்கு இடித்தது.

"கணக்கப்பிள்ள அண்ணே, தனுஜாக்கா எப்படிங்க கொறைஞ்சாங்க?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும் மூனு கிலோ கழிச்சேன்ல?"

"சாக்கு எங்கங்க இருக்கு? ஊஞ்சல்லதானே உக்காந்தாங்க!"

பழனிமுத்து அப்போதுதான் யோசித்தார். "கைப்பழக்கம் தம்பி. தராசுன்னு இருந்தா கழிக்கணும்."

"சரி, கொழுந்து நிறுக்கறப்ப? சாக்கு ஒரு கிலோகூட வராதே. வெயில் நாள்லயும் மூனு கழிப்பீங்களா?"

"இரத்தினபுரிப் பக்கம் வெயில் நாளு ஏதுப்பா?"

தருமலிங்கம் பேனாவை மூடினார். "தம்பி, வாயைப் பொத்திக்கொண்டு இரும். பொம்பிளையளுக்குக் கழிச்சது பிழையெண்டு வந்தால், கொழுந்துக்குக் கழிச்சதும் பிழையெண்டு வரும். பிறகு குழாய் எங்க, குவார்ட்டர்ஸ் எங்க?"

அறிவுரை நியாயமானது. விதுர்ஷன் அன்று முழுவதும் வாயைப் பொத்தியே இருந்தான். அம்மா பீலிக்கரையிலிருந்து குடத்தோடு ஏறி வந்து, "சட்ட கை இறுக்குதுடா. ஒன் கணக்குல நான் மெலிஞ்சிட்டேனாமே?" என்று சிரித்தபோதும் பொத்தியே இருந்தான். வாய்க்கு அது புதுவிதமான பயிற்சி. இடுப்பைவிட அதிகம் வலித்தது.

பாராட்டு விழாவில் தோட்ட நிர்வாகியான துரை விதுர்ஷனுக்கு மாலை போட்டார். குவார்ட்டர்ஸ் சாவி தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் மின்னியது.

"மாஸ்டர், உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்று துரை கேட்டார்.

விதுர்ஷன் சாவியைப் பார்த்தான். அம்மாவின் இறுகிய சட்டையைப் பார்த்தான். கழுத்து மாலையைக் கழற்றிப் பழனிமுத்துவுக்குப் போட்டான்.

"தொரைங்களே, பெருமையெல்லாம் கணக்கப்பிள்ள அண்ணனுக்குத்தான். மூனு மாசமா நான் கத்தியும் யாரும் மெலியல. இவர் தராசுல கை வச்சாரு, ஆளுக்கு மூனு கிலோ போச்சு. நோயும் இல்ல, பட்டினியும் இல்ல. கொழுந்துக்கும் இதே வைத்தியந்தான் தினமும் பாக்குறாரு!"

பெண்கள் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. இராஜம் எழுந்தாள்.

"தொர, ஒடம்புல கழிச்சத நீங்களே வச்சுக்கங்க. கொழுந்துல கழிச்சத மட்டும் குடுத்துருங்க."

தருமலிங்கம் உடனே நன்றியுரை வாசித்துக் கூட்டத்தை முடித்தார். துரை போகும்போது தாம்பாளத்தையும் மறக்காமல் எடுத்துப் போனார். 'ஆரோக்கியத் தளிர்' வெற்றித் திட்டமாக வெளிநாட்டுக்கு அறிக்கை போயிருக்கிறது. விதுர்ஷனின் நியமனம் 'பரிசீலனையில்' உள்ளது. கழிவு இன்றும் மூன்று கிலோதான்.

இருபத்தாறு வருடமாக அவள் எடுத்ததில் சாக்கென்றும் ஈரமென்றும் சொல்லிக் கழித்த பச்சைக் கொழுந்தின் கூலியை, தோட்டம் இராஜத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை.