பதினோரு எழுபத்திரண்டு

ப்ரிசில்லாவின் மூன்று விரல்களுக்கும் அந்த மணிக்கட்டில் ஒன்றுமே தட்டுப்படவில்லை.

ஒஹையோவில் அவள் படித்த கல்லூரியில், டாக்டராகத் துடிக்கும் மாணவர்களின் சகோதரச் சங்கத்தில் சேர இதுதான் கடைசித் தேர்வு. கழுத்துவரை போர்த்தி, முகக்கவசமும் கண்கட்டுமாக ஒரு சீனியர் சோபாவில் படுத்திருப்பார். அவரிடம் பேசாமல் நாடி பார்த்து எழுத வேண்டும். ப்ரிசில்லா ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். நான்காவது முறை யாருக்கும் கிடையாது.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றான் சங்கத் தலைவன் வெஸ்லி.

"கிடைச்சிடுச்சுண்ணா." எழுபத்திரண்டு என்று எழுதினாள்.

"சீரா இருக்கா?"

"கடிகாரம் மாதிரி."

"கை சூடா இருக்கா?"

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா டின் போலிருந்தது கை. "வெதுவெதுன்னு இருக்குண்ணா."

"அடேயப்பா! யாரும் இவ்வளவு தெளிவா சொல்லல. அப்படியே ரத்த அழுத்தமும் பாத்துடு."

பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். பூட்டிய வீட்டுக் கதவில் காதை வைத்தது போலிருந்தது. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

"நூத்தி இருபதுக்கு எண்பது."

"புத்தகத்துல உள்ளது அப்படியே! மார்லா, இங்க வா. இவகிட்ட கத்துக்கோ."

கூடவே தேர்வு எழுதும் மார்லா பக்கத்தில் குனிந்தாள். "ஏய், எங்கடி பிடிச்ச? எனக்கு ஒண்ணுமே கிடைக்கல."

"பின்ன என்ன எழுதின?"

"எழுபத்திரண்டு."

ப்ரிசில்லா மேஜை மேலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தாள். பதினோரு பெயர்கள். பதினோரு எழுபத்திரண்டு.

"இவரு மூச்சு விடுறாராடி?" என்றாள் மார்லா.

இருவரும் போர்வையையே பார்த்தார்கள். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

வாயைத் திறந்தால் சங்கம் போச்சு. ஆனாலும் ப்ரிசில்லா கத்தியே விட்டாள்.

"அண்ணா, நான் சொன்னது எல்லாம் பொய்! நாடியே இல்ல! என்னைச் சேக்கலைன்னாலும் பரவால்ல, முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

மறுகணம் சீனியர்கள் கைதட்டினார்கள்.

"இதுதாம்மா தேர்வே!" என்றான் வெஸ்லி. "நாடி தெரியுதான்னு இல்ல, தெரியலன்னு சொல்ல வாய் வருதான்னு. நம்ம டுவைட் அக்குள்ள பந்தை இடுக்கிட்டுப் படுத்திருக்கான். இறுக்கினா கையில நாடி நின்னுடும்."

"மூச்சு?"

"நீச்சல்காரன்ல, அடக்கிடுவான். எங்களுக்கு முன்னாடியே வந்து படுத்துட்டான்னா பாத்துக்க, என்னா பொறுப்பு! நீ சேந்துட்டம்மா!"

ப்ரிசில்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மார்லா தன் தாளை மெதுவாகக் கசக்கினாள்.

"டேய் டுவைட், எழுந்திரிடா. கேக் வெட்டலாம்."

சோபா அசையவில்லை.

"நடிச்சது போதும்டா!"

வாசல் கதவு படாரென்று திறந்தது. மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான் டுவைட்.

"மன்னிச்சிக்கடா, பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சு. பந்து கொண்டாந்துட்டேன், எங்க படுக்கணும்?"