டைனிங் டேபிளை விட்டுப் போகாத சர்வர்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஸ்டான்லி வீட்டு டைனிங் டேபிளை ஒரு மாதமாக ஆபீஸ் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருக்கும் பழைய டேட்டாபேஸ் சர்வர் புரோகிராமைத் தடயமில்லாமல் நீக்கித் தரவேண்டும், புதியது வரப்போகிறது. ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மனைவி லோயிஸ் மண்ணெண்ணெய் க்யூவுக்கு விரட்டுவதில்லை என்பதை ஸ்டான்லி முதல் நாளே கண்டுகொண்டார். அன்றிலிருந்து காலையில் நீக்குவார். சாயங்காலம் ஃப்ளாப்பியைச் செருகி மறுபடி ஏற்றுவார்.

"ஹோட்டல்ல ஒரு சர்வரை நிறுத்த ஒரு நிமிஷம் போதும். உங்க சர்வர் என்ன, யூனியன் லீடரா?" என்றாள் லோயிஸ்.

"உனக்குப் புரியாது. இது உள்ளே வேர் விட்டிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் லோயிஸ் சொன்னாள்: "உங்க ஆபீசர் கிருஷ்ணமூர்த்தி சார் நாலு மணிக்கு ஜீப்போட வர்றாராம். சர்வர் போகலைன்னா மெமோவாம்."

ஸ்டான்லி உடனே உட்கார்ந்து நீக்கினார். குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். 'சர்வர் தயார்' என்றது திரை.

மறுபடி நீக்கினார். மொட்டை மாடிக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வந்தார். சர்வர் தயார்!

பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளின் பீஸ், வரவேண்டிய பிரமோஷன், எல்லாம் கண்முன்னே ஜீப்பில் ஏறிப் போயின.

"நக்கோ, வேண்டாம் லோயிஸ், ஜீப்பை வரவேண்டாம்னு சொல்லு! இத்தனை நாளும் நானேதான் திரும்பத் திரும்ப ஏத்தினேன். இன்னிக்கு நிஜமாவே போகமாட்டேங்குது!"

"இனிமே மண்ணெண்ணெய்?"

"நானே!"

"மார்க்கெட்? பசங்களோட கணக்குப் பாடம்?"

"நானே, நானே! பைபிள் மேல சத்தியம்."

லோயிஸ் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நாலு தட்டுத் தட்டினாள். அணைத்து மறுபடி போட்டாள். சர்வர் இல்லை.

ஸ்டான்லி வாயைப் பிளந்தார். "எப்படி?"

"நீங்க குளிக்கப் போனப்ப நான் ஏத்தினேன். ஜெபம் பண்ணப் போனப்பவும் ஏத்தினேன். தினம் உங்க பின்னாடி நின்னு காப்பி கொடுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

மானம் போனாலும் மெமோ இல்லை. ஸ்டான்லி மூச்சு விட்டார். "போகட்டும், சார் வந்தா தைரியமாக் காட்டலாம்."

"சார் எங்கே வர்றார்? வர்றது எங்கம்மா. ஒரு மாசம் தங்குவாங்க. ஆட்டோ வாசல்ல நிக்குது, ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க."